கலைச்சொல்: ‘பின்னோக்கு இணக்கம்’ வேண்டாம், ‘பழநிரல் ஏற்பு’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய மென்பொருளைப் புதிய மடிக்கணினியில் ஓட்டுவது தொடர்பான சொற்களைப் பற்றி இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நிதானமாகப் படித்தேன். புதிய இயங்குதளம் பழைய நிரல்களையும் ஓட்டும் தன்மைக்கு (backward compatibility) ‘பின்னோக்கு இணக்கம்’ என்பதையே நம் கலைச்சொல் அட்டவணையில் ஏற்றிவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். ஏற்றுவதற்கு முன்னால் என் மறுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் மறுப்போடு நிறுத்தாமல் மாற்றுச் சொற்களும் தருகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாரக் கடைசியில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன், எங்கள் சங்கத்துக் கணினிகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்தச் சொற்கள் எனக்கு அன்றாடம் தேவைப்படுகின்றன.

இப்போது இந்தப் பேச்சு எழுந்ததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கும், புதிய செயலி கேட்கும். அதனால் எங்கள் வட்டாரத்தில் சங்கம், கோவில் அலுவலகம் என்று புது மடிக்கணினி வாங்கியவர்கள் நிறைய பேர். வாங்கியபின்தான் தலைவலி தொடங்குகிறது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸ் எதுவும் 16-பிட் நிரலை, அதாவது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்து நிரலை, ஓட்டாது. டாஸ் காலத்து நிரலைத் தானாகவே ஓட்டத் தெரிந்த கடைசி விண்டோஸ், 32-பிட் விண்டோஸ் 10-தான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முதலில் ‘பின்னோக்கு’. தமிழில் ‘பின்’ என்பது இடத்தைக் குறித்தால் முதுகுப் பக்கம். காலத்தைக் குறித்தால் இனி வரப்போவது: பின்னர், பிற்காலம், பிற்பகல், பின்னாளில். கடந்துபோனதற்கு நாம் சொல்வது ‘முன்’: முன்னோர், முற்காலம், முன்னொரு காலத்திலே. மென்பொருள் பதிப்புகள் காலவரிசையில் வருபவை. ஆகவே ‘பின்னோக்கு இணக்கம்’ என்று படிக்கிற பிள்ளை, பிற்காலப் பதிப்போடு இணங்கும் என்று புரிந்துகொண்டால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. இதற்கு எதிர்ச்சொல்லாக ‘முன்னோக்கு இணக்கம்’ வேறு வரும். அப்புறம் எது எதைக் குறிக்கிறது என்று ஆசிரியரே ஒவ்வொரு முறையும் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

லெனேசியாவிலிருந்து அக்கா ஒருவர் எழுதியது:
> பின்னோக்கிப் பார்த்தால் என்று கடந்த காலத்தைச் சொல்கிறோமே. வழக்கில் இருப்பதுதானே?

இருக்கிறது, அக்கா, மறுக்கவில்லை. ஆனால் பேச்சில் நாம் ‘திரும்பிப் பார்த்தால்’ என்றுதான் சொல்கிறோம். இரண்டு விதமாகவும் படிக்க இடம் தருகிற சொல், உரைநடையில் ஒரு வாக்கியத்தின் துணையோடு நின்றுவிடும். பட்டியலில் தனியாக நிற்க வேண்டிய கலைச்சொல்லுக்கு அந்தத் துணை இல்லை.

அடுத்து ‘இணக்கம்’. இரண்டு பேர் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இணக்கம். இங்கே பழைய நிரல் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை, கொடுக்கவும் முடியாது. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது, மூல நிரலும் தொலைந்திருக்கும். வளைந்து கொடுக்கிற வேலை முழுவதும் இயங்குதளத்தின் தலையில்தான் விழுகிறது. அது ஏற்றுக்கொண்டால் நிரல் ஓடும், கைவிட்டால் நின்றுபோகும். யார் செய்கிற வேலை என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். அதற்காகத்தான் பழநிரல் ஏற்பு என்று முன்மொழிகிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ‘விண்டோஸ் 11-க்கு 16-பிட் பழநிரல் ஏற்பு கிடையாது.’ ‘2019-இல் வந்த மேக் கேட்டலினா, 32-பிட் பழநிரல்களை ஏற்பதை நிறுத்திவிட்டது.’ ‘பழநிரல் ஏற்கும் இயங்குதளம்.’ பெயராகவும் வினையாகவும் எச்சமாகவும் மடங்கி வருகிறது. எந்த இடத்திலும் ‘செய்யப்படுகிறது’ ஒட்ட வேண்டியதில்லை.

> பழநிரல் என்றால் பழம் நினைவுக்கு வருகிறதே?

பழமொழியையும் பழந்தமிழையும் படிக்கிற யாருக்கும் வாழைப்பழம் நினைவுக்கு வருவதில்லை. பழகிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பிலேயே தமிழின் பெயர் இருக்கிறது. மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் வருகிறது. ஆனாலும் என் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டில் பேச்சு ஆங்கிலத்தில்தான். அவர்கள் கையில் இருக்கும் தமிழ்ச் சொற்கள் கொஞ்சம்: பழைய, புதிய, ஏற்றுக்கொள், வேடம், கோவில், விரதம். அந்தக் கொஞ்சத்தை வைத்தே கட்டிய கலைச்சொல் அவர்களுக்கு உடனே திறக்கும். இணக்கம் என்பதற்குப் பதிலாக ‘ஒத்தியல்பு’ என்று கொடுத்தால் ஒரு சொல்லை விளக்க இன்னொரு சொல், அதை விளக்க ஆங்கிலம் என்று போய்விடும். சென்னையிலோ கோவையிலோ இருந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். எங்களுக்கு இதுதான் முதல் அளவுகோல்.

இனி, நிரலின் கோப்பை வலச்சொடுக்கிப் பண்புகளுக்குள் போனால் அங்கே ஒரு தாவல் இருக்குமே, ‘இந்த நிரலை விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஏற்ப ஓட்டு’ என்று தேர்ந்தெடுக்கிற இடம், அது. இதற்கு ‘இணக்கப் பயன்முறை’ (compatibility mode) என்று எழுதியிருக்கிறீர்கள். இதன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

எங்கள் சங்க உறுப்பினர் பதிவேடு விசுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய 32-பிட் நிரல். அதைக் கணினியில் ஏற்றும் நிறுவி, ஓடத் தொடங்கியதும் இயங்குதளத்திடம் ‘உன் பதிப்பெண் என்ன?’ என்று கேட்கும். எக்ஸ்பி என்றால் 5.1 என்று பதில் வரும். நிரலை எழுதியவர் முதல் எண் 5-ஆக இருந்தால் மட்டுமே தொடரும்படி எழுதிவைத்துவிட்டார். எக்ஸ்பி-க்கு அடுத்து விஸ்டா வந்தபோது அந்த எண் 6 ஆனது. விண்டோஸ் 7 கூட உள்ளுக்குள் 6.1-தான். விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் அந்த எண் 10.0. ஆகவே நிறுவி முதல் கேள்வியிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தத் தாவலில் எக்ஸ்பி-யைத் தேர்ந்தெடுத்ததும், அதே விண்டோஸ் 11 அந்த ஒரு நிரலிடம் மட்டும் ‘நான் 5.1’ என்று சொல்கிறது. நிறுவி நம்பி ஓடுகிறது. வேண்டுமானால் திரையை 640-க்கு 480 என்று சுருக்கிக் காட்டும், நிறங்களை 256-ஆகக் குறைத்துக் காட்டும். உடம்பு மாறவில்லை, முகமும் ஒப்பனையும்தான்.

இதற்குத் தமிழில் பெயர் ஏற்கனவே இருக்கிறது: வேடம். பதிப்பு வேடம் என்று வைப்போம். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் தெருக்கூத்தைப் பலரும் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்றே சொல்கிறார்கள், ஆனால் ஆடுபவர் வேடம் கட்டியிருக்கிறார் என்பது தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். ‘எக்ஸ்பி வேடத்தில் ஓட்டு’ என்றால் போதும், வகுப்பில் விளக்கம் தேவைப்படவில்லை.

> வேடம் என்றால் ஏமாற்று என்ற பொருளும் உண்டல்லவா ஐயா?

உண்டுதான். இயங்குதளம் தன் பதிப்பைப் பற்றிப் பொய்தானே சொல்கிறது? அந்தச் சாயல் இருப்பது நல்லது. இன்னொரு பயனும் இருக்கிறது. டாஸ் நிரலை எடுத்துவைத்துக்கொண்டு அந்தத் தாவலில் ஒவ்வொரு பதிப்பாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்து மாலை முழுவதையும் வீணாக்குபவர்கள் நிறைய பேர். ‘இணக்கம்’ என்ற பெயர் அவர்களுக்குப் பொய்யான நம்பிக்கை தருகிறது. வேடம் என்று தெரிந்தால், 16-பிட் நிரலுக்கு இது உதவாது என்பதும் பாதி புரிந்துவிடும்.

பதிவேட்டைப் பற்றி இன்னும் ஒன்று, ஏனென்றால் இதற்கும் ஒரு சொல் வேண்டும். நிரல் ஓடியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு பொருளாளர் தன் கணக்கில் நுழைந்து பார்த்தால், செயலாளர் ஏற்றிய சந்தா எதையும் காணோம். அதே மடிக்கணினி, அதே நிரல், இரண்டு வெவ்வேறு பட்டியல். காரணம் இதுதான்: அந்தக் காலத்து நிரல்கள் தரவைத் தங்கள் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே, அதாவது நிரல்கள் நிறுவப்படும் இடத்திலேயே எழுதும். விஸ்டாவிலிருந்து, நிர்வாகி அனுமதி தனியாகக் கொடுக்காமல் எந்த நிரலும் அங்கே எழுத முடியாது. ஆனாலும் நிரல் உடைந்துவிடக் கூடாதே என்று விண்டோஸ் அந்த எழுத்தைச் சத்தம் இல்லாமல் ஒவ்வொருவருடைய சொந்தக் கோப்புறையிலும் இருக்கும் ‘வர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. நிரலுக்கு எதுவும் தெரியாது. ஆளுக்கொரு பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். நிரலை அந்த இடத்தில் நிறுவாமல், சி இயக்ககத்தில் தனிக் கோப்புறையில், இருவருக்கும் எழுத அனுமதி கொடுத்து நிறுவினால் சரியாகிவிடும்.

இப்படி உருவாகும் கோப்பை ‘மெய்நிகர் சேமிப்பு’ என்று பெயர்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஆள்வாரி நகல் என்று சொல்லலாம். ‘ஆள்வாரி நகல் இருக்கிறதா பார்’ என்றால் பொருளாளருக்கே புரியும். ‘நிழற்கோப்பு’ என்றும் யோசித்தேன், ஆனால் விண்டோஸில் நிழல்நகல் என்பது காப்புப்படி தொடர்பான வேறு வசதி. மோதும்.

இனி டாஸ்பாக்ஸ் போன்றவை. இங்கே இயங்குதளம் வேடம் கட்டுவதில்லை. ஒரு பழைய கணினியையே, செயலி, ஒலியட்டை, திரை என்று எல்லாவற்றையும், மென்பொருளால் செய்துகாட்டுகிறது. இதற்கு (emulator) ‘பாவனைப்பொறி’ என்று இந்த இழையில் வந்திருக்கிறது. அழகான சொல்தான், ஆனால் ஈழத்தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். அங்கே இந்தச் சொல் நேர்மாறாகப் போய்விடும். ‘போலியங்கி’ என்பதைத் திரையில் முதல் தடவை பார்ப்பவர் போலி அங்கி என்று பிரித்துப் படிப்பார். நான் பொறியொப்பி என்கிறேன்: ஒரு பொறியை ஒத்து நடப்பது.

பொறியொப்பிக்குத் தனிச்சொல் ஏன் அவசியம் என்பதற்கு எங்கள் வகுப்பு எழுத்து விளையாட்டே சாட்சி. டாஸ் காலத்து நிரல்மொழியான டர்போ பாஸ்கலில் எழுதியது. ஓட்டினால் ‘இயக்கநேரப் பிழை 200’ என்று சொல்லி நின்றுவிடும், அதாவது சுழியால் வகுத்தல். ஆனால் நிரலில் எங்கும் சுழியால் வகுக்கவில்லை! டர்போ பாஸ்கலின் திரை நூலகம், நிரல் தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்துகொள்கிறது. 55 மில்லிவினாடியில் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். பழைய செயலியில் விடை சின்ன எண். வேகமான செயலியில் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்துவிடுகிறது. அந்த வழிதலைச் செயலி வகுத்தல் பிழையாகத் தெரிவிக்க, நிரல் அதைச் சுழியால் வகுத்ததாக எடுத்துக்கொள்கிறது. கணினி வேகமாக இருப்பதே குற்றம். இதை எந்தப் பதிப்பு வேடமும் தீர்க்காது. டாஸ்பாக்ஸில் ஒரு மில்லிவினாடிக்கு ஓடும் சுற்றைக் குறைத்துவைத்தால் விளையாட்டு ஒழுங்காக ஓடுகிறது. மெதுவான பழைய பொறியை ஒத்து நடக்கிற ஒன்றால்தான் இது முடியும்.

மெய்நிகர் கணினி (virtual machine) என்ற சொல் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன், வேறு செயலிக்கு எழுதிய நிரல்களை மேக்கில் ஓட்டும் ரொசெட்டா போன்றவற்றை இடையில் நின்று பெயர்த்துத் தருபவை என்ற பொருளில் ‘இடைப்பெயர்ப்பி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அது பிடித்திருக்கிறது. வைன் இயங்குதள அழைப்புகளைப் பெயர்க்கிறது, ரொசெட்டா செயலியின் கட்டளைகளையே பெயர்க்கிறது. இரண்டையும் பிரிக்க வேண்டும் என்றால் முன்னொட்டு சேர்த்துக்கொள்ளலாம். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்து முறைகளான திஸ்கி, பாமினியில் இருக்கும் ஆவணங்களை இந்த இழையில் கலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திஸ்கியில் ‘இ’ இருந்த 173-ஆம் இடத்தைப் புதிய மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத இணைகோடாக எடுத்துக்கொண்டு எழுத்தை விழுங்கிவிடுவது உண்மையிலேயே வேதனை. ஆனால் அது குறியேற்ற மாற்றம். தனி இழை தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன்.

அட்டவணைக் குழுவுக்கு: ‘பழநிரல் ஏற்பு’, ‘பதிப்பு வேடம்’ இரண்டையும் முதன்மைச் சொல்லாகவும், ‘பின்னோக்கு இணக்கம்’ என்பதை ‘காண்க’ குறிப்போடும் போடலாம் என்பது என் கருத்து. ‘பொறியொப்பி’ பற்றி யாழ்ப்பாணத்து நண்பர்களும் மலேசிய நண்பர்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் ஊர் வழக்கில் ‘ஒப்பி’ வேறு எதையாவது குறிக்கும் என்றால் இப்போதே மாற்றிவிடுவோம்.

டர்பனிலிருந்து
அன்புடன்