கறுப்பு மருதாணியால் மகளின் கையில் கொப்புளம்: இனி எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

நெய்தல்நிலம்:
வணக்கம். சென்ற மாதம் பாலித் தீவுக்குப் போயிருந்தபோது, கடற்கரையில் ஒருவர் என் எட்டு வயது மகளின் முன்கையில் பல்லி உருவம் ஒன்றை வரைந்தார். மருதாணி என்றுதான் சொன்னார். ஆனால் அரைமணி நேரத்தில் காய்ந்து, உதிர்த்தபோதே மை போலக் கறுத்திருந்தது. ஊர் திரும்பிய பின், வரைந்த பத்தாம் நாள், அந்தப் பல்லியின் வடிவத்திலேயே தோல் சிவந்து தடித்து நீர்க்கொப்புளங்கள் எழும்பின. மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பில் புண் ஆறிவிட்டது. வெளிறிய பல்லி மட்டும் இன்னும் தெரிகிறது. ஆடி மாதந்தோறும் வீட்டில் இலை அரைத்து வைக்கிறோம், அவளுக்கு ஒருமுறையும் ஒன்றும் ஆனதில்லை. தை மாதம் என் தங்கையின் திருமணம். இனி அவளுக்கு மருதாணியே ஆகாதா?

தோல்மருத்துவர்_மதுரை:
உங்கள் மகளின் கையைப் புண்ணாக்கியது பெரும்பாலும் மருதாணி அன்று. இலையில் உள்ள லாசோன் என்னும் நிறமி ஆரஞ்சாகப் பிடித்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாக மாறும். அதனால் அரைமணியில் கறுக்க முடியாது. அப்படிக் கறுத்தால், தலைச்சாயத்தில் சேர்க்கும் பாரா-ஃபீனைலீன்டையமீன், அதாவது பிபிடி, கலந்திருக்கிறது என்றே கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைச்சாயத்தைக் கலந்து பூசும் நிலையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தோலில் பூச அனுமதியே இல்லை. தெருவில் வரைபவருக்கு அளவு ஏது? ஆய்வகத்தில் சோதித்த ஒரு மாதிரியில் 15 சதவீதத்துக்கும் மேல் இருந்தது.

பத்து நாள் கழித்துக் கொப்புளம் வந்ததற்கும் காரணம் உண்டு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் முதல் தொடுகையில் அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொள்ள அவ்வளவு நாள் பிடிக்கிறது. அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழியாது. அடுத்த முறை ஓரிரு நாளிலேயே, முன்னைவிடக் கடுமையாக வரும். வெளிறிய தழும்பு சில மாதங்களில் மெல்ல நிறம் திரும்பக்கூடும். அதுவரை வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோலக்கை:
பதினோரு ஆண்டுகளாக மணப்பெண்களுக்கு மெஹந்தி வரைகிறேன். இலைத்தூளில் குழைத்த கோன் வெளியில் வைத்தால் சில நாளிலேயே நிறம் விடும் சக்தியை இழந்துவிடும். அதனால் உறைபெட்டியில் வைத்துத்தான் விற்கிறோம். கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தும் பத்து நிமிடத்தில் சிவக்கும் கோனில் இலை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். உறையில் "இயற்கை" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள்! உள்ளங்கையில் நன்றாகப் பிடிப்பது தோல் தடிப்பாக இருப்பதால்தான். முன்கையில் வெளிறியே பிடிக்கும். அங்கேயும் கறுகறுவென்று வேண்டும் என்று கேட்பவர்களால்தான் இந்த மருந்துக் கலவைகள் பெருகின.

நரைத்தலை:
மருதாணியை விடுங்கள், தலைச்சாயத்தை நினைவில் வையுங்கள். எனக்கு இருபது வயதில் ஒரு சுற்றுலாவில் இதேபோல் தோளில் புண் வந்து ஆறியது, மறந்தே போனேன். நாற்பத்து மூன்றில் முதல் நரைக்குச் சாயம் பூசிய மறுநாள் கண்கள் திறக்க முடியாதபடி முகம் வீங்கி, இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். பிபிடி இல்லை என்று விற்பவற்றையும் நம்பி எடுக்காதீர்கள். அதன் நெருங்கிய உறவான டொலுயீன் டையமீன் அவற்றில் இருந்தால் பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது.

தோல்மருத்துவர்_மதுரை:
நரைத்தலை சொல்வது மிகச் சரி. பென்சோகெய்ன் என்னும் மரப்பு மருந்தும் சில அடர்நிறத் துணிச்சாயங்களும்கூடச் சிலருக்கு இதே ஒவ்வாமையைத் தூண்டும். ஆகவே மகளின் மருத்துவக் குறிப்பில் பிபிடி ஒவ்வாமை ஐயம் என்று எழுதி வைத்து, பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். உறுதிப்படுத்த, ஐயமான பொருளைச் சிறிதளவு தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை உண்டு. கடும் கொப்புளம் வந்தவர்களுக்கு மிகக் குறைந்த செறிவில் தொடங்க வேண்டும் என்பதால், அதை வீட்டில் முயல வேண்டாம்.

திருமணத்துக்கு நீங்களே பறித்து அரைத்த இலையை வைக்கலாம். முதலில் ஒரு சிறு புள்ளி வைத்து மூன்று நாள் பாருங்கள். மற்றவர்களுக்கும் ஒன்று: இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்குத் தூய மருதாணியும் ஆகாது, சிவப்பணுக்கள் சிதைந்துபோகக்கூடும்.

நெய்தல்நிலம்:
அனைவருக்கும் நன்றி. கொல்லையில் ஒரு மருதாணிச் செடி நிற்கிறது, அதுவே போதும். பிபிடி என்று எழுதிய சீட்டை அவளுடைய தடுப்பூசி அட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன்.