குப்பிக்குள் கிடக்கும் புழு ஆயிரமாண்டு மரபா?

பலென்கே_பாண்டியன்:
பக்கத்துத் திரியில் ஊர்சுற்றி_உமா எழுதிய மெக்சிகோவின் வஹாக்கா பயணக் கட்டுரையில் ஒரு வரி: "மெஸ்கல் குப்பியின் அடியில் கிடக்கும் புழுவை விழுங்குவது சபோட்டெக் மக்களின் ஆயிரமாண்டு மரபு." (தெரியாதவர்களுக்கு: மெஸ்கல் என்பது அகாவே கற்றாழையிலிருந்து வடிக்கும் மது; சபோட்டெக் அங்குள்ள பழங்குடி.) படித்ததும் எனக்குப் புரையேறிவிட்டது. சாந்தோ தொமிங்கோ தேவாலயம், மோந்தே அல்பான் தொல்நகரம் பற்றியெல்லாம் எழுதியதில் குறையில்லை. ஆனால் அந்தப் புழு! அது 1950-ஐ ஒட்டி ஹாகோபோ லோசானோ பாயேஸ் என்ற மது வியாபாரி கிளப்பிவிட்ட விற்பனை உத்தி என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. மெஸ்கல் வடிக்கும் ஊரான சாந்தியாகோ மத்தத்லானுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பலென்கே எனப்படும் வடிசாலைகளில், தரைக்குழியில் பழுக்கக் காய்ந்த கற்களின் மேல் அகாவே கற்றாழையின் அடித்தண்டை நாள்கணக்கில் சுடுகிறார்கள். குதிரை இழுக்கும் கல்லுருளையில் நசுக்கி, மரத்தொட்டியில் புளிக்கவைத்து, இரண்டு முறை வடிக்கிறார்கள். இதில் எந்த இடத்தில் ஐயா புழு வருகிறது?

ஊர்சுற்றி_உமா:
பாண்டியன் சார், வணக்கம். என் கட்டுரையின் மீதி வரிகளையும் படித்தீர்கள் என்பதே பெரிய மகிழ்ச்சி. வஹாக்காவில் புழுவைக் காயவைத்து மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்து, ஆரஞ்சுத் துண்டோடு தருகிறார்கள். சந்தையில் வெட்டுக்கிளி வறுவல் கூடை கூடையாக விற்கிறது. ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே பூச்சியும் புழுவும் அந்த மக்களின் உணவு. அப்புறம் புழு எப்படி மரபில்லாமல் போகும்? அந்தக் குப்பியை எனக்கு விற்றவர் பெனிதோ ஹுவாரெஸ் சந்தையில் கடை வைத்திருக்கும் உள்ளூர் அம்மா. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

பலென்கே_பாண்டியன்:
உப்பில் புழு வேறு. குப்பியில் புழு வேறு. நான் கேட்டது குப்பியில் இருக்கும் புழுவை. அந்த அம்மா சுற்றுலாப் பயணி எதைக் கேட்கிறாரோ அதை விற்கிறார், பாவம். விற்பதெல்லாம் மரபென்றால் அவர் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் மண்டையோடும் மரபுதான்.

குவாதலஹாரா_வாசி:
இந்தச் சண்டையில் எங்கள் டெக்கிலாவை யாரும் இழுக்காமல் இருப்பதற்கு நன்றி. டெக்கிலாக் குப்பியில் புழு போட விதி இடம் கொடுப்பதில்லை. கண்ணியமான குடி.

பலென்கே_பாண்டியன்:
வாருங்கள், வாருங்கள். உங்கள் கண்ணியமான குடியில் 51 சதவீதம் நீலக் கற்றாழைச் சர்க்கரை இருந்தால் போதும், மீதிக்குக் கரும்புச் சர்க்கரை ஊற்றிக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறதே, அதையும் எழுதுங்கள். புழு இல்லை என்பதால் மட்டும் எதுவும் உயர்ந்துவிடாது. ஆனால் புழு இருந்தால் தாழ்ந்துவிடும் என்பது என் கருத்து.

குவாதலஹாரா_வாசி:
நூறு சதவீதக் கற்றாழை டெக்கிலாவும் இருக்கிறது, அண்ணா. பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது உங்கள் பழக்கம். போன ஆண்டு மோலே என்னும் மிளகாய்க் குழம்பு பற்றிய திரியிலும் இதையேதான் செய்தீர்கள்.

பலென்கே_பாண்டியன்:
மோலே திரியில் நான் சொன்னது இன்றும் சரிதான். அதை இங்கே கிளற வேண்டாம். டெக்கிலாவும் ஒரு காலத்தில் மெஸ்கல் வகைகளில் ஒன்றாகத்தான் அறியப்பட்டது. 1974-இல் புவிசார் பெயருரிமை வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போனது. மெஸ்கலுக்கு அது 1994-இல்தான் கிடைத்தது. இருபது ஆண்டு முந்திவிட்டதால் மூத்தவர் ஆகிவிட முடியுமா?

நவம்பர்_பயணி:
ஐயா, அம்மா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இறந்தோர் நாளுக்கு வஹாக்கா போகிறேன். நான் சைவம். மது அருந்துவதில்லை. என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?

குவாதலஹாரா_வாசி:
அக்டோபர் 31 இரவு வஹாக்காவை ஒட்டிய ஹொஹொகொத்லான் ஊரின் கல்லறைக்குப் போங்கள். சாமந்திப் பூவும் மெழுகுவர்த்தியுமாக இருக்கும். த்லயூதா என்ற பெரிய சோள ரொட்டியில் பீன்ஸுக்கு அடியில் பன்றிக்கொழுப்பு பூசுவார்கள். வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீரில் நுரைக்க அடித்த சாக்லேட் கட்டாயம் குடியுங்கள்.

பலென்கே_பாண்டியன்:
யாராவது புழு போட்ட குப்பியை நீட்டினால் வாங்காதீர்கள்.

நவம்பர்_பயணி:
நான் மது அருந்துவதில்லை, ஐயா.

பலென்கே_பாண்டியன்:
பரிசாகக்கூட வாங்காதீர்கள். நல்ல மெஸ்கலுக்கு அலங்காரம் தேவையில்லை. வடிப்பவர் நாணல் குழாயில் உறிஞ்சி, சுரைக்குடுவையில் பீய்ச்சி, எழும் குமிழிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்த்தே அதன் வீரியத்தைச் சொல்லிவிடுவார். தெபெஸ்தாத்தே கற்றாழை முதிர இருபது ஆண்டுக்கு மேல்கூட ஆகும். அவ்வளவு காலம் மலைச்சரிவில் நின்றதை வடித்துவிட்டு அதற்குள் ஓர் அந்துப்பூச்சிப் புழுவைப் போடுவதா? அந்தப் புழு கற்றாழையைத் தின்று கெடுப்பது!

ஊர்சுற்றி_உமா:
சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். ஜூலை மாதம் ஃபொர்தின் குன்றில் நடக்கும் கெலகெட்ஸா என்ற நாட்டுப்புற நடன விழாவை வஹாக்காவின் உயிர் என்று நீங்களே இங்கு பலமுறை எழுதியிருக்கிறீர்கள். அந்த விழாவின் இன்றைய வடிவம் 1932-இல், நகரின் நானூறாம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் தொடங்கியது. 1932 மரபு, 1950 மோசடி. நடுவில் எந்த ஆண்டில் கோடு கிழித்தீர்கள், சார்?

பலென்கே_பாண்டியன்:
கெலகெட்ஸாவைக் குப்பிக்குள் போட்டு விற்கவில்லை.

ஊர்சுற்றி_உமா:
டிக்கெட் போட்டு விற்கிறார்களே.

பலென்கே_பாண்டியன்:
ஒருவருக்கொருவர் கைமாற்றாக உதவும் பழைய ஊர்வழக்கத்தின் மேல் எழுந்த விழா அது. புழுவுக்கு அடியில் என்ன வழக்கம் இருக்கிறது?

ஊர்சுற்றி_உமா:
புழு தின்னும் வழக்கம். இதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குவாதலஹாரா_வாசி:
பாண்டியன் அண்ணா, பெசூகா மெஸ்கல் வடிக்கும்போது பாத்திரத்துக்குள் கோழி நெஞ்சுக்கறியைக் கட்டித் தொங்கவிடுகிறார்களே, பெச்சூகா என்று. அது மட்டும் உங்களுக்கு இனிக்கிறதா?

பலென்கே_பாண்டியன்:
முதலில் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், ஒரே வரியில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறீர்கள். கோழி ஆவியில் வேகிறது. பழங்களும் கூடவே போகின்றன. அது திருமணத்துக்கும் பெருவிழாவுக்கும் எடுத்துவைக்கும் சரக்கு. குப்பிக்குள் கோழி மிதக்கிறதா? இல்லை. புழு மிதக்கிறது. வித்தியாசம் புரிகிறதா?

குவாதலஹாரா_வாசி:
புரியவில்லை. செத்த கோழி பண்பாடு, செத்த புழு வியாபாரம். நன்றாக இருக்கிறது உங்கள் நீதி.

நெறியாளர்:
தனிநபர் சாடல் வேண்டாம். எது மரபு என்று இருவரும் முதலில் வரையறுத்துக்கொண்டு பேசினால் நல்லது.

பலென்கே_பாண்டியன்:
வரையறை எதற்கு? குப்பிக்குள் புழு இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. நெறியாளர் சென்ற மாதம் என் பதிவை மட்டும் நீக்கினார். ஆயிரமாண்டுக் கதையை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்.

நவம்பர்_பயணி:
சந்தையில் புகை மண்டிய இறைச்சிச் சந்து ஒன்று உண்டாமே, சைவர்கள் அதைத் தவிர்த்துப் போக வேறு வழி இருக்கிறதா?

ஊர்சுற்றி_உமா:
அது 'நவம்பர் 20' என்ற பெயருள்ள சந்தையில் இருக்கிறது, அந்தச் சந்து இல்லாத வேறு வாசலால் நுழையுங்கள், தம்பி. பாண்டியன் சார், என் அடுத்த கட்டுரை வெட்டுக்கிளி பற்றியது. அதையும் ஆயிரமாண்டு மரபு என்றுதான் எழுதப்போகிறேன்.

பலென்கே_பாண்டியன்:
தாராளமாக எழுதுங்கள். வெட்டுக்கிளி மேல் எனக்குப் புகார் கிடையாது. குப்பிக்குள் போட்டால் வருகிறேன்.