பேக்கிங் பெட்டி ஸ்ப்ரூஸ் பலகையில் தழை ஷெட்டுக்கு வெளிச்சுவர் அடிக்கலாமா?

ராயக்கோட்டை_தோட்டம்:

பட்டுப்புழு மனையை ஒட்டி 20-க்கு 12 அடியில் ஒரு ஷெட். பாதியில் மல்பெரி தழை இறக்கி வைக்கணும், மீதியில் சொட்டுநீர் சாமான், உர மூட்டை. 2 அங்குல ஜி.ஐ. சதுரக் குழாயில் ஃபிரேம் நிக்குது, மேலே ஷீட் போட்டாச்சு. சுவர் உயரம் 8 அடி. 4 அடி அகலத்தில் ஒரு கதவு, 3-க்கு 3-ல் ரெண்டு ஜன்னல்.

ஓசூரில் மிஷின் வந்த பெட்டிகளைப் பிரிச்ச பலகை விற்கிறாங்க. 22 மி.மீ. கனம், 5 அங்குல அகலம், 6 முதல் 8 அடி நீளம். வெள்ளையா லேசா இருக்கு, ஸ்ப்ரூஸ்ங்கிற குளிர்நாட்டு ஊசியிலை மரம்னு சொல்றாங்க. பலகையில் கோதுமைக்கதிர் முத்திரையும் பக்கத்தில் எச்.டி.ன்னும் இருக்கு. "ட்ரீட்மென்ட் பண்ண மரம், கரையான் தொடாது"ங்கிறார் கடைக்காரர்.

வெயிலும் மழையும் நேரா படுற வெளிச்சுவருக்கு இது தாங்குமா? எவ்வளவு வாங்கணும்? அடியிலே கழிவு இன்ஜின் ஆயில் அடிச்சா போதுமா?

பலகைக்கணக்கு:

முதல்ல அந்த முத்திரை. எச்.டி.ன்னா மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏத்தி 30 நிமிஷம் வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகக் கூடாதுங்கிற சர்வதேச விதிக்காகச் செய்யறது. அன்னிக்கு உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கும், அவ்வளவுதான். மரத்தில் எந்த மருந்தும் ஏறலை. நாளைக்கு வர்ற கரையானுக்கு அது சமைச்சு வெச்ச சோறு. எச்.டி.க்குப் பதிலா எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைத் தழை அறைக்கு எடுக்காதீங்க. எண்ணெய்க் கறை ஊறின பலகையையும் கழிச்சிடுங்க, அதுமேல பூச்சு ஒட்டாது.

ஸ்ப்ரூஸ்தானான்னும் பாருங்க. ஸ்ப்ரூஸ்னா ஓரத்துக்கும் நடுவுக்கும் நிற வித்தியாசம் தெரியாது, முழுக்க வெளுப்பு. பெரிய கணுக்களுக்கு நடுநடுவே பொடிக் கணு சிதறிக் கிடக்கும். நடுப்பகுதி செம்பழுப்பா, பிசின் வாசனை தூக்கலா இருந்தா அது பைன். இதை ஏன் பார்க்கணும்னா, பைனின் வெளிமரம் (பட்டையை ஒட்டின பகுதி) மருந்தை நல்லா உறிஞ்சும். ஸ்ப்ரூஸ் உறிஞ்சாது. காயும்போது அதன் நுண்குழாய்க் கதவுகள் ஒட்டி மூடிக்கும்; அதுக்கப்புறம் பிரஷர் கொடுத்தாலும் மேல் சில மில்லிமீட்டரோட நின்னுடும். அதனால மருந்தை நம்பி ஸ்ப்ரூஸ் அடிக்கக் கூடாது. நனைஞ்சாலும் சீக்கிரம் காயற மாதிரி அடிக்கணும். ஸ்வீடன், நார்வேயில் வீட்டுக்கே வெளிப்பக்கம் இதைத்தான் அடிக்கிறாங்க, அங்கேயும் சூத்திரம் இதுதான்: தரையிலிருந்து தூக்கு, பின்னாடி காத்து விடு, முனையைப் பூச்சால அடைச்சு வை. அங்க இல்லாத ரெண்டு விஷயம் நம்ம ஊர்ல உண்டு, கரையானும் சித்திரை வெயிலும்.

உங்க ஷெட்டுக்கு நான் சொல்றது: அடி 2 அடிக்குக் கருங்கல் சுவர், மேல் 6 அடிக்கு மட்டும் பலகை. கிருஷ்ணகிரி மாவட்டத்துல உட்கார்ந்துக்கிட்டு கல்லுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். செம்மண்ணில் மழை விழுந்தா சுவரில் ஒரு அடிக்கு மேல சிவப்புத் தெறிப்பு ஏறும், பழைய திண்ணைச் சுவர் எதையாவது பாருங்க தெரியும். பலகை அந்தத் தெறிப்புக்கு மேல இருக்கணும். சுவரைச் சுத்தி ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி கொட்டினா தெறிப்பு இன்னும் குறையும்.

கல்சுவர் தலையில் 26 கேஜ் ஜி.ஐ. தகட்டை முழு அகலத்துக்கும் போட்டு, ரெண்டு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீட்டி 45 டிகிரிக்குக் கீழ மடிங்க. கரையான் தகட்டைச் சுத்தித்தான் மண்பாதை கட்டியாகணும், அப்போ கண்ணுக்குத் தெரிஞ்சிடும். தகட்டுக்கும் பலகை அடிக்கும் 10 மி.மீ. இடைவெளி. பலகையின் அடிமுனையை 30 டிகிரி சாய்ச்சு அறுங்க, வெளிப்பக்க ஓரம் தாழ்வா வர்ற மாதிரி. தண்ணி அந்த ஓரத்தில் சொட்டி விழுந்துடும். நேரா அறுத்தா அடிமுனையிலேயே தொங்கி நின்னு மேல ஏறும். அழுகல் முதல்ல வர்றது அந்த முனையில்தான்.

பலகையை நெட்டுக்குத்தா அடிங்க. படுக்கையா அடிச்சா ஒவ்வொரு இணைப்பும் தண்ணி நிக்கிற படி. நெட்டுக்குத்தா, பலகைக்குப் பலகை 10 மி.மீ. சந்து விட்டு, சந்துமேல 2 அங்குல அகலத்தில் ஒடுக்கமா அறுத்த பலகைப் பட்டை. பட்டை ரெண்டு பக்கமும் 20 மி.மீ. ஏறும்.

சந்து எதுக்குன்னு ஆசாரி கேப்பார். கோடையில் மரத்தின் ஈரம் 8-9 சதவீதத்துக்கு இறங்கும், ஐப்பசி கார்த்திகையில் 15 கிட்டப் போகும். இந்த வித்தியாசத்துக்கு 5 அங்குலப் பலகை சுமார் 2 மி.மீ. விரிஞ்சு சுருங்கும். சந்தே விடாம பங்குனியில் இறுக்கி அடிச்சா ஐப்பசியில் நெளிஞ்சு ஆணியைப் பிடுங்கும்.

ஆணி அடிக்கிறதிலதான் பெரும்பாலும் கோட்டை விடறாங்க. பலகைக்கு ஒரு வரிசை ஆணி, நட்ட நடுவில். ரெண்டு ஓரத்திலும் அடிச்சா சுருங்கும்போது நடுவில பிளக்கும். பட்டைக்கு அடிக்கிற ஆணி கீழே இருக்கிற சந்து வழியா நேரா, பின்னாடி குழாயில் படுக்கையா பிடிச்ச குறுக்குச் சட்டத்துக்குப் போகணும், பலகையைத் துளைக்கக் கூடாது. துளைச்சா பலகையும் பட்டையும் சேர்ந்து கட்டிப்போட்ட மாதிரி, ஏதாவது ஒண்ணு வெடிக்கும். ஆணித்தலை மரத்தின் மேல் மட்டத்தோட நிக்கணும். சுத்தியலால உள்ளே அமுக்கினா குழியில் தண்ணி. முனையிலிருந்து 3 அங்குலத்துக்குள்ள அடிக்கிற ஆணிக்கு முதல்ல டிரில் போடுங்க.

இன்னொண்ணு, பலகையின் தலைமுனையைப் பாருங்க. வளையங்கள் வில் மாதிரி வளைஞ்சிருக்கும். வில்லின் உட்பள்ளம் பார்க்கிற முகம் மரத்தின் நடுப்பக்கம். அந்த முகம் வெளியே வரணும். காயும்போது வளையம் நிமிரப் பார்க்கும், அப்போ ரெண்டு ஓரமும் சட்டத்தோட ஒட்டி அமுங்கும். மாத்தி அடிச்சா ஓரம் வெளியே தூக்கிப் பட்டையையும் தள்ளும்.

கணக்கு: சுற்றளவு 64 அடி, கதவு போக 60. ஒரு பலகையும் ஒரு சந்தும் சேர்ந்து ஏறக்குறைய 135 மி.மீ. ஆக 135 பலகை, 135 பட்டை, ஒவ்வொண்ணும் 6 அடி. பலகைக்கு 24.5 கன அடி, பட்டைக்கு 10. பெட்டிப் பலகையில் ஆணி ஓட்டை, வெடிச்ச முனை, செத்த கணு எல்லாம் கழியும், 20 சதவீதம் கூட்டுங்க: 41 கன அடி. குறுக்குச் சட்டம் 2-க்கு 1½ அங்குலம், 6 அடி உயரத்துக்கு 4 வரிசை, அது தனியா 5 கன அடி. சட்டத்தைக் குழாயில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவால பிடிங்க. ஜன்னலுக்குக் கழிக்கலை, அது சேதாரத்தில் போகட்டும். பலகைக்கு 2½ அங்குல ஆணி 540, பட்டைக்கு 3 அங்குலம் 540.

இன்ஜின் ஆயில் வேண்டாம். ஏன்னு வேற யாராவது எழுதட்டும், எனக்குக் கை வலிக்குது.

சந்திரிகை:

அதை நான் எழுதுகிறேன். கழிவு ஆயில் ஸ்ப்ரூஸுக்குள் இறங்காது, மேலே படிந்து வெயிலில் ஒழுகும். பின்னால் எந்தப் பூச்சும் அதன்மேல் நிற்காது. இது தழை வைக்கும் அறை. ஈரத் தழை சுவரில் சாய்ந்தால் எண்ணெயும் அதிலுள்ள உலோகக் கசடும் தழையில் ஏறும், அதைப் புழு தின்னும். பட்டுப்புழுவும் ஒரு பூச்சிதான் என்பதை மரவேலை சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அதே காரணத்தால் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லியும் இங்கே கூடாது. வேறு கட்டடமாக இருந்தால் 20 சதவீதச் செறிவுள்ள (20 ஈ.சி.) மருந்து 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் கலந்து அஸ்திவார மண்ணில் ஊற்றச் சொல்லலாம். மனையை ஒட்டி, தழை அறைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன கல்சுவரும் தகடும்தான் உங்களுக்குக் கரையான் மருந்து. மாதம் ஒருமுறை டார்ச் அடித்துத் தகட்டின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். மண்பாதை தெரிந்தால் சுரண்டிவிடுங்கள்.

பலகைக்கு மருந்து தேவை என்றால் போராக்ஸ், போரிக் ஆசிட். 90 லிட்டர் வெந்நீரில் போராக்ஸ் 6 கிலோ, போரிக் ஆசிட் 4 கிலோ. செங்கல்லை நீளவாக்கில் அடுக்கி மேலே தார்ப்பாய் விரித்தால் தொட்டி தயார். பலகையை அளவுக்கு அறுத்து, துளை போட்ட பிறகே ஊறவையுங்கள். ஊறிய பிறகு அறுத்தால் புதிய முனை வெறும் மரம். இவற்றிலுள்ள போரான் ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே நகரும். எனவே காய்ந்த பலகையை முதலில் ஒரு நாள் தண்ணீரில் போட்டுவிட்டு, பிறகு இந்தக் கரைசலில் ஓர் இரவு. எடுத்ததும் காயவிடாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி 2 வாரம் வையுங்கள். அதன்பின் இடையிடையே 1 அங்குலக் கட்டை கொடுத்து நிழலில் அடுக்கிக் காயவிட வேண்டும். அப்போதும் முழுக் கனத்துக்கும் ஏறிவிடும் என்று எண்ண வேண்டாம். மழை நேராகப் பட்டால் போரான் கரைந்து போய்விடும், மேலே பூச்சு கட்டாயம். உட்பக்கம் தழை படும் இடத்தில் மரத்தை நேரடியாகத் தொடாதபடி ஒரு வலை அல்லது மூங்கில் தட்டி கட்டுங்கள்.

ஆணியில் ஒரு விஷயம். மனையில் பிளீச்சிங் பவுடர் போடுகிறீர்கள் அல்லவா, அந்தக் குளோரின் ஆணியின் துத்தநாகத்தைத் தின்றுவிடும். பளபளவென்று மின்னும் முலாம் ஆணி வேண்டாம். மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும் சூட்டு முலாம் ஆணி (உருகிய துத்தநாகத்தில் முக்கியது, முலாம் தடிமன்), இல்லை 304 ஸ்டெயின்லெஸ். உர மூட்டையையும் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். உப்பு ஒரு பக்கம், மூட்டை காற்றை மறைப்பது இன்னொரு பக்கம்.

ஊத்தங்கரை77:

ஒரு கேள்வி. வேப்பெண்ணெய் அடிச்சா போதாதா? இல்ல தெளிவான வார்னிஷ்? மரத்தோட நிறம் நல்லா தெரியுமே.

பலகைக்கணக்கு:

வேப்பெண்ணெய் வெயிலில் சில மாசத்தில் சத்து இழந்துடும், மழையும் கழுவிடும். வாசனைதான் மிச்சம்.

தெளிவான வார்னிஷ் வெளிச்சுவருக்கு ஆகவே ஆகாது. வெயிலின் புற ஊதாக் கதிர் வார்னிஷ் வழியா உள்ளே போய் மரத்தின் மேல்தோலையே அரிக்கும். பிடிமானம் போனதும் வார்னிஷ் தோல் உரியற மாதிரி வரும். உரிஞ்ச ஓரத்தில் தண்ணி பூந்து வெளியே வர முடியாம அடைபடும். ஒண்ணுமே அடிக்காம விட்டதைவிட மோசம். மறுபூச்சுக்கு முன்னாடி மொத்தத்தையும் சுரண்டணும், அது இன்னொரு தலைவலி.

நிறமி இருக்கிற, மரத்துக்குள்ள இறங்குற பூச்சுதான் நிக்கும். காவி நல்ல தேர்வு. ஸ்வீடனில் ஃபாலூன் செம்புச் சுரங்கத்து மண்ணிலிருந்து எடுத்த சிவப்பு இரும்பு ஆக்சைடைத்தான் ஸ்ப்ரூஸ் சுவருக்கு அடிக்கிறாங்க, ரைங்கிற தானிய மாவும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து. நம்ம திண்ணைக்குப் பூசற காவியோட சொந்தக்காரன்தான். இங்க: டபுள் பாயில்டு ஆளிவிதை எண்ணெய் 1 லிட்டர், டர்பன்டைன் கால் லிட்டர், ரெட் ஆக்சைடு பொடி 250 கிராம். பலகையைச் சீவாதீங்க, ரம்பம் பட்ட சொரசொரப்பு முகம் ரெண்டு மடங்கு பூச்சு குடிக்கும். லிட்டருக்கு 60-70 சதுர அடி வரும்.

அடிக்கிற முறை: சுவரில் ஏத்தறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் ஒரு கோட், தலைமுனை அடிமுனைக்கு மூணு கோட். மரம் தண்ணி குடிக்கிறது முனை வழியாத்தான், பக்கவாட்டில் குடிக்கிறதைப்போல பல மடங்கு. அடிச்சு முடிச்சதும் வெளியே இன்னொரு கோட். எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க, தானாவே தீப்பிடிக்கும். தண்ணியில நனைச்சு விரிச்சுப் போடுங்க.

நிழல் பக்கம், தழை ஈரம் படுற பக்கம் ஆளிவிதை எண்ணெய்மேல கறுப்புப் பூஞ்சை வரும். அந்தப் பக்கத்துக்குப் பூஞ்சைக்கொல்லி கலந்த வெளிப்புற வுட் ஸ்டெயின் வாங்கி அடிங்க, உட்புறத்துக்கு வேண்டாம். ரெண்டு புழு வளர்ப்புக்கு நடுவில மனை காலியா இருக்கிறப்போ அடிச்சு, வாசனை போனதுக்கு அப்புறம் முட்டை கொண்டு வாங்க.

பாலக்கோடு_ஷீட்:

இவ்வளவு வேலைக்குப் பதிலா சுவருக்கும் கலர் ஷீட்டே அடிச்சுட்டுப் போலாமே. போரான், ஆணி, எண்ணெய், ஆள் கூலி எல்லாம் கூட்டினா பலகை மலிவுன்னு தோணலை. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச்சு வேற.

சந்திரிகை:

உர அறைக்கு ஷீட் சரி. தழை அறைக்குச் சரியில்லை. ஷீட் சுவர் மதிய வெயிலில் கொதிக்கும், தழை வாடும். வாடிய தழையைப் புழு ஒழுங்காகத் தின்னாது. காலையில் உட்பக்கம் வேர்த்துச் சொட்டும். பாதிப் பாதி செய்யலாம்: தென்மேற்குச் சாரலும் மேற்கு வெயிலும் அறையும் பக்கத்தில் ஷீட், மற்ற பக்கங்களில் பலகை. அப்படியானால் தழை அறை கிழக்குப் பாதியில் வரட்டும்.

ராயக்கோட்டை_தோட்டம்:

ரொம்ப நன்றிங்க. மேற்கே 12 அடிப் பக்கம் ஷீட், மீதி மூணு பக்கம் பலகைன்னு வெச்சுக்கிறேன். கதவு கிழக்குப் பக்கம். கூரை வெளியே ஒரு அடிதான் நீட்டியிருக்கு, போதுமா? பழைய ஆணி ஓட்டைகளை என்ன பண்றது?

பலகைக்கணக்கு:

அப்போ பலகை 48 அடி நீளத்துக்குத்தான்: 108 பலகை, 108 பட்டை, சேதாரத்தோட 33 கன அடி. குறுக்குச் சட்டம் 4 கன அடி.

ஒரு அடி நீட்டம் பத்தாது. குழாயை வெல்டு வெச்சு 2 அடியாக்குங்க, குறைஞ்சபட்சம் வடக்கு கிழக்குப் பக்கமாவது. ஐப்பசி மழை அங்கிருந்துதான் அடிக்கும்.

ஓட்டைக்குப் புட்டி வேண்டாம், உதிரும். மரக் குச்சியைச் செதுக்கி வெளிப்புற மரப்பசையில் தோய்ச்சு இறுக்கி, மட்டமா அறுத்துடுங்க. ஓட்டை அதிகமா இருக்கிற முனை பலகையின் மேல்பக்கமா, கூரை நிழலுக்குள்ள வர்ற மாதிரி திருப்பிப் போடுங்க. உள்ளே துருப்பிடிச்ச ஆணித்துண்டு மாட்டியிருக்கான்னு காந்தம் வெச்சுப் பார்த்துட்டு அறுங்க, ரம்பம் பல் போயிடும்.