லூபஸ் ஃப்ளேரா, இல்ல ஆட்டிசம் பர்ன்அவுட்டா? எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?

கோவைக்குருவி:
வணக்கம். 29 வயசு, கோயம்புத்தூர்ல அக்கவுண்ட்ஸ் வேலை. காலேஜ் முடிக்கிற சமயத்துல எஸ்எல்இ லூபஸ்னு (நோய் எதிர்ப்பு சக்தி சொந்த ஒடம்பையே தாக்குற வியாதி) சொன்னாங்க, ஆட்டிசம்னு தெரிஞ்சது போன வருஷம்தான். லூபஸ அடக்க ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின், மைக்கோஃபினோலேட், கொஞ்சமா ஸ்டீராய்டு ஓடிட்டிருக்கு.

பிரச்சனை என்னன்னா, திடீர்னு கட்டில்ல இருந்து எந்திரிக்கவே முடியாது, வாய்ல வார்த்தை வராது, ட்யூப்லைட் சத்தம் கூட மண்டைக்குள்ள குத்தும். இது லூபஸ் கிளம்பியிருக்கா, இல்ல மாசக் கடைசி க்ளோஸிங்ல எல்லார்கிட்டயும் நார்மல் மாதிரி நடிச்சு நடிச்சு வந்த பர்ன்அவுட்டான்னு எனக்கே புரியறதில்ல. டாக்டர் "வலி பத்துக்கு எவ்ளோ"ன்னு கேட்டா முழிக்கிறேன். வலிச்சிருக்குன்னே எனக்கு அடுத்த நாள்தான் உறைக்கும். ஜுரமும் அப்படித்தான், அம்மா தொட்டுப் பாத்து "அடிப்பாவி கொதிக்குதேடி"ன்னாதான் தெரியும். முகத்துல ஒண்ணும் காட்டாம நேரா உக்காந்து பதில் சொல்றதால "நல்லாத்தான இருக்கீங்க"ன்னு அனுப்பிடுறாங்க. சரின்னு ஆட்டிசம் இருக்குன்னு சொன்னா அதுக்கப்புறம் எதச் சொன்னாலும் "ஸ்ட்ரெஸ்தாம்மா, ரெஸ்ட் எடுங்க".

இன்னொண்ணு சன்ஸ்க்ரீன். லூபஸுக்கு வெயில் ஆகாது, ஆனா அந்த பிசுபிசுப்பு கைல பட்டா தோலையே உரிச்சுப் போட்டுறலாம் போல இருக்கு. ரெண்டையும் வச்சிட்டு ஓட்டுறவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

அடையாறு_ஆந்தை:
சிஸ் எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் (நோய் எதிர்ப்பு சக்தி மூட்டையே தாக்குற வியாதி) ப்ளஸ் ஆட்டிசம், உங்கள விட பத்து வயசு பெரியவன். அந்த பத்துக்கு எவ்ளோங்கிற கேள்வி நம்மாளுங்களுக்கு சுத்தமா வேலைக்கு ஆகாது. உள்ளுக்குள்ள என்ன நடக்குதுங்கிற சிக்னலே லேட்டா வர்றப்ப நம்பர் எங்க இருந்து சொல்றது. அதனால நான் "எப்படி இருக்கு"ன்னு எழுதறதில்ல, "என்ன செய்ய முடிஞ்சது"ன்னு மட்டும் எழுதுவேன். சட்டை பட்டன் போட முடிஞ்சுதா, தண்ணி பாட்டில் மூடிய வலது கையால திறந்தேனா இல்ல பல்லால திறந்தேனா, காலைல விரல் மடங்க எத்தன நிமிஷம் ஆச்சு. இதையே ஒரு பக்கத்துக்கு எழுதி ஓபில நீட்டிருவேன். முதல் வரி பெருசா: "என் முகத்த வச்சு என் வலிய கணக்குப் போடாதீங்க." ஒரு டாக்டர் சிரிச்சார், ஆனா படிச்சார்.

உங்க கேள்விக்கு, நான் பாத்த வரைக்கும் பர்ன்அவுட்னா இருட்டு ரூம், சத்தமில்ல, யாரும் பேசலன்னா கொஞ்சமாச்சும் அசைவு தெரியும். மூட்டு வீக்கம், மூக்கு கன்னத்துல சிவப்பு, வாய்ப்புண்ணு, யூரின் நுரையா போறது இதெல்லாம் பர்ன்அவுட்ல வராது. ஆனா ஒண்ணு இன்னொண்ண கூட்டிட்டு வரும், அதனால இதுவா அதுவான்னு நீங்களே தீர்ப்பு சொல்லிட்டு இருக்காதீங்க, லூபஸ் கிளம்பியிருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட் சி3, சி4, டிஎஸ்டிஎன்ஏ, அப்புறம் யூரின் ப்ரோட்டீன் பாத்தா அதுவே பாதி சொல்லிரும்.

இயற்கைவழி_மணி:
எல்லாமே இம்யூனிட்டி கம்மியானதாலதான் தங்கச்சி. சீந்தில் கொடி கஷாயம் தினமும் வெறும் வயித்துல குடிங்க, மாத்திரைய மெதுவா விட்டுரலாம். ஆட்டிசத்துக்கும் ஸ்டெம்செல் நல்லா வேலை செய்யுதுன்னு கேள்விப்பட்டேன்.

மதுரை_சிஸ்டர்:
மணி அண்ணே கோவிச்சுக்காதீங்க, இது ஆபத்தான அட்வைஸ். லூபஸ்ல இம்யூனிட்டி கம்மி இல்ல, அது வெறி புடிச்சு சொந்த ஒடம்பையே கடிக்குது, அத அடக்கத்தான் மருந்து. அந்த மருந்தாலதான் இன்ஃபெக்‌ஷன் சீக்கிரம் புடிக்குது. சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிச்சவங்க பத்தி 2021ல மும்பை டாக்டர்கள் ரிப்போர்ட் போட்டாங்க, ஆட்டோஇம்யூன் வியாதி இருக்கவங்களுக்கு இன்னும் ஜாக்கிரதை வேணும். ஸ்டீராய்ட நாமளா பட்டுனு நிறுத்தினா பிபி இறங்கி மயங்கி விழுறதெல்லாம் நான் வார்டுல பாத்திருக்கேன். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் குடுக்கக்கூடாதுன்னு தேசிய மருத்துவ ஆணையமே 2022ல சொல்லிருச்சு.

குருவி தங்கச்சி, ஜுரம் தெரியலன்னா நம்பிக்கைய தெர்மாமீட்டர் மேல வைங்க. காலைல பல்லு வெளக்குறப்ப ஒண்ணு, ராத்திரி மாத்திரையோட ஒண்ணு, தெரியுதோ தெரியலயோ பாருங்க. 100.4 தாண்டினா, நீங்க எடுக்கிற மருந்துக்கு, அன்னைக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணணும். பாரசிட்டமால் போடுறதுக்கு முன்னாடி பாக்கணும், போட்டுட்டுப் பாத்தா பொய் சொல்லும். ஸ்டீராய்டும் ஜுரத்த மறைக்கும், அதனால சூடு இல்லன்னாலும் மூச்சு வாங்குது, ஒண்ணுக்கு எரியுதுன்னா காட்டிருங்க. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி போட்டுக்கலாம், எம்எம்ஆர் மாதிரி உயிரோட இருக்க கிருமி ஊசிதான் மைக்கோஃபினோலேட் எடுக்கிறப்ப வேணாம். கண்ணு செக்கப்பும் விடாதீங்க, ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் அஞ்சு வருஷம் தாண்டிட்டா வருஷா வருஷம் ரெட்டினா பாக்கணும்.

ஆதியம்மா_சேலம்:
என் பையனுக்கு 11, பேச மாட்டான். அவனுக்கு இம்யூனிட்டி நெஜமாவே கிடையாது, எக்ஸ்எல்ஏன்னு பிறவிலயே ஆன்டிபாடி உருவாகாத வியாதி, நாலு வாரத்துக்கு ஒருக்க ஐவிஐஜி, அதாவது மத்தவங்க ரத்தத்துல இருந்து எடுத்த ஆன்டிபாடிய ட்ரிப்ஸ்ல ஏத்துறோம். அவன் மணிக்கட்ட கடிச்சா தெரபில "பிஹேவியர்"ன்னு சார்ட் போட்டாங்க. கடைசில பாத்தா காதுக்குள்ள சீழ். இப்ப எங்க வீட்டு சட்டம் ஒண்ணுதான், நடத்தை மாறினா மொதல்ல காது, பல்லு, தொண்ட, வயிறு, அப்புறந்தான் பிஹேவியர். பெரியவங்களுக்கும் இதே கதைதான் போல, உங்க பதிவ படிச்சா நெஞ்சு அடைக்குது.

ஊசி கஷ்டம்னா மரத்துப்போற க்ரீம் ஒரு மணி நேரம் முன்னாடியே வீட்லயே தடவிட்டுப் போங்க, காலைல முதல் டோக்கன் கேளுங்க, கேட்டா குடுக்குறாங்க.

அப்புறம் காசு விஷயம். மாற்றுத்திறனாளி சட்டத்துல இருக்க 21 வகைல லூபஸ் இல்ல, ஆட்டிசம் இருக்கு. அரசு ஆஸ்பத்திரில ஐஎஸ்ஏஏங்கிற ஆட்டிசம் மதிப்பீடு பண்ணி யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்குங்க, அத வச்சு மத்திய அரசு நேஷனல் ட்ரஸ்ட்டோட நிராமயா இன்சூரன்ஸ் 1 லட்சம் வரைக்கும் எடுக்கலாம், ஓபி செலவும் வரும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி லிமிட் உண்டு. 40 சதவீதம் வந்தா இன்கம்டாக்ஸ் பழைய முறைல 80யூ கழிவு உண்டு, நீங்க அக்கவுண்ட்ஸ் உங்களுக்குத் தெரியாததா.

கோவைக்குருவி:
80யூ மத்தவங்களுக்கெல்லாம் போட்டுக் குடுத்திருக்கேன் அக்கா, எனக்குன்னு யோசிச்சதே இல்ல 😅 யூரின் நுரை கொஞ்ச நாளா இருக்கு, சோப்பு தண்ணினு நினைச்சு விட்டுட்டேன்.

மதுரை_சிஸ்டர்:
அத விடாதீங்க! நுரைன்னா ப்ரோட்டீன் கசியுதுன்னு இருக்கலாம், லூபஸ் கிட்னில உக்காந்தா பெரும்பாலும் வலியே இருக்காது. நாளைக்கே யூரின் ப்ரோட்டீன் க்ரியாட்டினின் ரேஷியோ குடுங்க, ரிப்போர்ட்டோட உங்க ருமட்டாலஜிஸ்ட்ட பாருங்க. அந்த ஒரு பக்க பேப்பரும் எடுத்துட்டுப் போங்க.

அடையாறு_ஆந்தை:
சன்ஸ்க்ரீன்ல ஜெல் இல்லன்னா ஸ்டிக் ட்ரை பண்ணுங்க, விரல்ல படாது. கைக்கு டூவீலர் ஓட்டுறவங்க போடுற முழுக்கை ஸ்லீவ், நெருக்கமா நெய்தது, உள்பக்கம் தையல் இல்லாததா பாத்து வாங்குங்க, துணி மூடாத முகம், கழுத்து மாதிரி இடத்துக்கு மட்டும்தான் அப்புறம் க்ரீம் தேவைப்படும்.

கோவைக்குருவி:
லேப் காலைல ஏழு மணிக்கு திறக்குது, கூட்டம் வர்றதுக்குள்ள போய்ட்டு வந்து ரிசல்ட் இங்கயே போடுறேன்.