புதுப்பிப்பு: அம்மாவின் கழுத்து வலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது

அம்மாவுக்குத் திடீர்க் கழுத்து வலி, காய்ச்சல், தலையைத் திருப்பவே முடியவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். சுளுக்கு என்றார்கள் சிலர், மூளைக்காய்ச்சலா பாருங்கள் என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை.

மருத்துவர்களும் முதலில் பயந்தது மூளைக்காய்ச்சலுக்குத்தான். முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்த அளவு மட்டும் எகிறியிருந்தது. அப்புறம் வந்த மூட்டுவாத மருத்துவர் பக்கத்தில் நின்று அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். அம்மா தலையைத் திருப்பாமல் தோளோடு உடம்பையே திருப்பினார். ஆனால் தாடையை நெஞ்சுப் பக்கம் ஓரளவு கொண்டுபோக முடிந்தது. மூளைக்காய்ச்சலில் குனிவதுதான் பெரும்பாடு. கழுத்துத் திரும்புவதில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறதாம்.

கோளாறு அந்த இடத்தில்தான் என்று சந்தேகப்பட்டு, உடனே சி.டி. எடுக்கச் சொன்னார். இரண்டாவது எலும்பிலிருந்து பல்லைப் போல நீளும் முனையைச் சுற்றி, கிரீடம் வைத்த மாதிரி வெள்ளைப் படிவு. பெயரும் அதுதான்: கிரவுன்ட் டென்ஸ் சிண்ட்ரோம் (டென்ஸ் என்பது அந்தப் பல் போன்ற முனை, கிரவுன்ட் என்றால் கிரீடம் வைத்த). மூட்டுகளில் படிந்து அழற்சியை உண்டாக்கும் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்கள் செய்யும் வேலை. முழங்கால் எக்ஸ்ரேயிலும் குருத்தெலும்பில் அதே படிவு கோடாகத் தெரிந்தது. முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இது பிடிபடவில்லை. கால்சியத்தைக் காட்டுவதில் சி.டி.தான் கெட்டி.

சிறுநீரகம் கொஞ்சம் மந்தம் என்பதால் வழக்கமான வலி மாத்திரைகளைத் தவிர்த்து, குறைந்த அளவு கொல்ச்சிசின் என்ற அழற்சி குறைக்கும் மருந்தும் சில நாளைக்கு ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியது, அதற்கும் தனியாகப் பார்த்தார்கள். வலி மளமளவென்று இறங்கிவிட்டது.

கழுத்துத் தமனிக் கிழிசலா என்று கேட்டவருக்கு: ரத்தக்குழாய்களையும் பார்த்துவிட்டார்கள், கிழிசல் இல்லை.