கிரவுண்ட் பிளேனுக்கு என்ன சொல் போடுவது?

செ. (கோவை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிப்ளமோ மாணவர்களுக்கான பிசிபி (மின்சுற்றுப் பலகை) வடிவமைப்புப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மின்காந்தக் குறுக்கீட்டைக் குறைக்கும் பகுதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பலகையில் ஓர் அடுக்கு முழுவதையும் செம்பாகவே விட்டுக் கிரவுண்ட் ஆக்குகிறோமே, அதற்கு என்ன சொல் போடலாம்? பழைய குறிப்பில் 'தரைத்தளம்' என்று இருக்கிறது. படித்தால் லிஃப்ட்தான் நினைவுக்கு வருகிறது.

ம. (யாழ்ப்பாணம்) எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புவித்தொடுப்பு என்று பள்ளியிலேயே படிக்கிறார்கள். புவித்தளம் என்று வையுங்கள். அப்புறம், குறுக்கீடு என்பதை நாங்கள் தலையீடு என்போம். அதையும் பேச வேண்டும்.

இரா. (பெங்களூரு) எழுதியது:

செ. சார், தயவுசெய்து புவி வேண்டாம். நான் தினமும் பலகைக்கு லேஅவுட் (உறுப்புகளும் செம்புத் தடங்களும் எங்கே என்ற வரைபடம்) போடுகிறவன். கைப்பேசிக்குள் கிரவுண்ட் இருக்கிறது, அது எந்த மண்ணைத் தொடுகிறது? எர்த் என்பது ஷாக் அடிக்காமல் காக்க. கிரவுண்ட் என்பது போன மின்னோட்டம் திரும்பி வர. புதிதாகச் சேரும் பையன்கள் 'எர்த் சரியாகப் போட்டால் இரைச்சல் போய்விடும்' என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். பாதிக் குழப்பம் இந்தச் சொல்லால்தான்.

உயர் அதிர்வெண்ணில் திரும்பும் மின்னோட்டம் மின்தடை குறைந்த வழியைப் பார்ப்பதில்லை, இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) குறைந்த வழியைப் பார்க்கும். அந்த வழி, மேலே சிக்னல் போகும் தடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. அந்த இடத்தில் செம்பை வெட்டி ஒரு பிளவு விட்டால் மின்னோட்டம் பிளவைச் சுற்றிப் போகும். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நடுவில் வளையம் அகலும். வளையத்தின் பரப்பு இரட்டித்தால் கிளம்பும் புலமும் இரட்டிக்கும். அதிர்வெண் இரட்டித்தால் நான்கு மடங்கு. பலகைக்குத் தாளம் போடும் கிளாக் துடிப்பு 20 மெகாஹெர்ட்ஸ் என்றால், அதன் ஐந்தாம் சீரிசை (ஐந்து மடங்கு அதிர்வெண்) 100 மெகாஹெர்ட்ஸ். பண்பலை ரேடியோவைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த அதிர்வெண்ணில் ஸ்டேஷன் அமுங்கிப் போவதைக் கேட்கலாம். சொல் இதைக் காட்ட வேண்டும்.

புலவர் த. எழுதியது:

புவி வடசொல். தரையும் அப்படியே, தமிழ் லெக்சிகன் அகராதி வடமொழித் 'தரா'வைத்தான் காட்டுகிறது. நில் என்னும் வேரைப் பிடியுங்கள். நிலம், நிலை, நிலுவை எல்லாம் அதன் பிள்ளைகள். நிலா கூட இதில் சேரும் என்பது என் துணிபு. அசையாமல் நின்று பிற மின்னழுத்தங்களுக்கு அளவாக இருப்பது நிலம். 'முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு' என்றார் தொல்காப்பியர். உங்கள் பலகைக்கும் முதற்பொருள் இரண்டுதானே? நிலம் கிரவுண்ட், பொழுது கிளாக்! நிலம் + தளம், மகரம் கெட்டு வல்லினம் மிகுந்து நிலத்தளம்.

ந. (சென்னை) எழுதியது:

கிரவுண்டும் கிளாக்கும் அருமை ஐயா, கைதட்டிவிட்டேன். ஆனால் நிலா எங்கே நிற்கிறது? புவியை விரட்டிய நீங்கள் தளத்தை எப்படி உள்ளே விட்டீர்கள்? அதுவும் வடக்கிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. சரி, நிலப்பரப்பு என்று மாற்றினால் பட்டா, சிட்டா கேட்பார்கள்.

இரா. எழுதியது:

ஐயா, 'அசையாமல் நிற்பது' என்பதுதான் எனக்கு இடிக்கிறது. கிரவுண்ட் நிற்பதில்லை. மெல்லிய தடத்தின் இண்டக்டன்ஸ் ஒரு சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 நானோஹென்றி. அதில் 100 மில்லிஆம்பியர் ஒரு நானோநொடியில் ஏறினால் 1 வோல்ட் எழும்பிவிடும். அது பூஜ்யம் என்று நம்பி உட்கார்ந்திருக்கும் ஐசி (சில்லு) ஏமாந்துபோகும். அதனால்தான் தடமாக இழுக்காமல் முழுத் தகடாக விடுகிறோம். அனலாக், டிஜிட்டல் என்று கிரவுண்டை இரண்டாக வெட்டுவதைவிட, தகட்டை ஒன்றாக விட்டுவிட்டு உறுப்புகளைப் பிரித்து வைப்பதே பெரும்பாலும் நல்லது. என் ஓட்டு 'மீள்தளம்'.

ம. எழுதியது:

மீள் என்றால் மாணவருக்கு மீட்சிப்பண்பு, ரப்பர், சுருள்வில். எர்த்தும் கிரவுண்டும் வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் அதைப் பாடத்தில் சொல்ல வேண்டும், சொல்லுக்குள் திணிக்கக் கூடாது. தலையீடு பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

புலவர் த. எழுதியது:

நிலமும் அதிரும். நிலநடுக்கம் என்று சொல் இருக்கிறதே! 1 வோல்ட் எழும்புவதற்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

செ. எழுதியது:

ஐயா, நாளை காலைக்குள் கோப்பு போக வேண்டும். இப்போதைக்கு 'கிரவுண்ட் தளம்' என்று போட்டுவிடுகிறேன். கடைக்காரர் முதல் ஆய்வக உதவியாளர் வரை கிரவுண்ட் என்றுதான் சொல்கிறார்கள். திரும்பி வருவதற்கு 'மீள்மின்னோட்டம்' போடுகிறேன், அதற்கு இதுவரை மறுப்பு வரவில்லை. ந. அம்மா, மெய்ப்பு ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?

ந. எழுதியது:

அனுப்புங்கள், இரவே பார்க்கிறேன். எனக்குச் சம்மதம்.

இரா. எழுதியது:

எனக்கும் சரி. எர்த் வேறு, கிரவுண்ட் வேறு என்று முதல் பக்கத்திலேயே ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். பிளவைத் தாண்டும் தடத்தின் படத்தையும் போடுங்கள்.

புலவர் த. எழுதியது:

பாதி ஆங்கிலம், பாதி வடமொழி! இதற்கா இத்தனை மடல்? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நிலத்தளத்தை நான் விடவில்லை.

ம. எழுதியது:

நானும் புவித்தளத்தை விடவில்லை. தலையீட்டுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.