பிளே-அலாங் போட்டு வாசித்தால் பாதியில் கணக்கு தவறுகிறது (ஆல்டோ சாக்ஸ், ஜாஸ் ப்ளூஸ்): உதவி வேண்டும்

மார்த்தாண்டம் ஆல்டோ:
எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் பேண்டு செட்டில் ஆல்டோ சாக்ஸ் வாசிக்கிறேன், கல்யாணம், சர்ச் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் போவோம். நோட்டேஷன் வாசிப்பேன், பாட்டைக் கேட்டால் மெட்டைப் பிடித்துவிடுவேன். ஜாஸ் இம்ப்ரவைசேஷன் (அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது) ஆசையில் ஜேமி ஏபர்சோல்டின் பிளே-அலாங் (நாம் கூடவே வாசிப்பதற்கான பின்னணி ட்ராக், புத்தகத்தோடு) போட்டு பி ஃபிளாட் ப்ளூஸ் பழகுகிறேன். சுற்றுக்கு 12 பார், பாருக்கு நாலு தட்டு. முதல் சுற்று எப்படியோ ஓடிவிடும், இரண்டாவதில் 8வது பார் பக்கம் வந்ததும் எந்த கார்டில் (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டில்) நிற்கிறேன் என்றே தெரியாது, ட்ராக் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், நான் வாயில் மவுத்பீஸோடு முழித்துக்கொண்டிருப்பேன். கணக்கு தவறாத நேரத்திலும் வாசிப்பது ஸ்கேலை ஏற்றி இறக்குகிற மாதிரிதான் இருக்கிறது. இங்கே ஜாஸ் சொல்லித்தர ஆள் இல்லை. என்ன செய்யலாம்?

பாறசாலை பாஸ்:
தம்பி, முதலில் இரண்டு கேள்வி. புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் பார்த்து வாசிக்கிறீர்கள், கன்சர்ட் பக்கமா (பியானோ சுருதியில் எழுதியது), ஈ ஃபிளாட் கருவிகளுக்கான பக்கமா (ஆல்டோவுக்கு ஏற்ப மாற்றி எழுதியது)? ட்ராக்கை எதில் கேட்கிறீர்கள்?

மார்த்தாண்டம் ஆல்டோ:
ஈ ஃபிளாட் பக்கம்தான் சேட்டா, அதனால் எனக்கு ஜி ப்ளூஸ். கேட்பது கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கரில்.

பாறசாலை பாஸ்:
பாதி வியாதி அந்த ஸ்பீக்கரில் இருக்கிறது. அதில் பாஸ் சரியாக விழாது. ஆல்டோ சத்தத்துக்கு மேலே பியானோவும் சிம்பலும் மட்டும்தான் காதுக்கு வரும், பியானோக்காரரோ தாளத்துக்கு இடையிடையே தள்ளித்தள்ளி அடிப்பார், அதைப் பிடித்துக்கொண்டு கணக்கு வைக்க முடியாது. நாலு தட்டுக்கு நாலு சுரம் என்று ஒழுங்காக நடந்துபோவது பாஸ்தான். நான் பாஸ்காரன் என்பதால் சொல்லவில்லை!

ஏபர்சோல்டும் ஆல்டோ வாசிப்பவர்தான். 1967இல் அவர் இந்த வரிசையைத் தொடங்கினார். ட்ராக்கை ஸ்டீரியோவில் ஒரு பக்கம் பாஸும் ட்ரம்ஸும், மறுபக்கம் பியானோவும் ட்ரம்ஸும் வருகிற மாதிரி பிரித்து வைத்திருப்பார். ஒயர் இயர்போனில் பாஸ் வருகிற பக்கத்தை மட்டும் ஒரு காதில் மாட்டுங்கள், இன்னொரு காது உங்கள் சாக்ஸுக்கு. சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும், அதில் இந்த வசதியே கிடைக்காது. முதலில் சாக்ஸை எடுக்க வேண்டாம். பாஸைக் கேட்டு, ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் கை தட்டுங்கள். அது தவறாமல் வந்த பிறகு வாசிக்கலாம்.

செங்கோட்டை வயலின்:
தாளக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது சுலபம். 12 பார் என்றால் 48 தட்டு, அதாவது ஆதி தாளம் 6 ஆவர்த்தனம். 4வது ஆவர்த்தனம் முடிகிற இடம்தான் உங்கள் 8வது பார். விரலில் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஜி7 கார்டுக்கு வாசிக்கிற ஜி மிக்ஸோலிடியன் ஸ்கேல் நம்ம ஹரிகாம்போதிதானே, அதையே பிடித்துக்கொண்டு கற்பனை ஸ்வரம் பாடுகிற மாதிரி வாசிக்கலாமே?

பாலக்காடு பியானோ:
தாளம் சரி அண்ணா, ராகம் விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ராகத்தில் கீழே தம்பூரா அசையாமல் நிற்கிறது, இங்கே கார்டு மாற மாற தரையே நகர்கிறது. டோரியன் என்றால் கரஹரப்ரியா, மிக்ஸோலிடியன் என்றால் ஹரிகாம்போதி என்பது விரலுக்கு உதவும், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தால் கேள்வியில் சொன்ன அதே ஏற்ற இறக்கம்தான் வரும். அந்த முறையில் ஓட்ட வேண்டுமானால் மைல்ஸ் டேவிஸின் 1959 பதிவான ‘சோ வாட்’ மாதிரி ஒன்றில் ஓட்டலாம். 16 பார் டி டோரியன், 8 பார் அரைச் சுரம் மேலே, மறுபடி 8 பார் டி. ஆல்டோவுக்கு பி, சி, பி. அங்கேயும் ஷட்ஜமமே இடம் மாறுகிறது, ஆனால் நிதானமாக மாறுகிறது.

உங்கள் ப்ளூஸுக்கு வருகிறேன். 8வது பாரில் விழுவது தற்செயல் இல்லை. மூன்று கார்டு ப்ளூஸ் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இடத்தில் ஜி7 தொடரும் என்று தோன்றும். ஜாஸ் ப்ளூஸில் அங்கே ஈ7 வரும், பிறகு ஏ மைனர் 7, டி7, மறுபடி ஜி7. ஈ7 வந்ததும் இதுவரை வீடாக இருந்த ஜி சுரம் ஜி ஷார்ப் ஆகிவிடுகிறது. நீங்கள் பழைய ஜியையே பிடித்திருப்பீர்கள், காது உறுத்தும், அந்தக் குழப்பத்தில் கணக்கும் போய்விடும்.

இப்படிச் செய்து பாருங்கள். 8வது பாரில் ஜி ஷார்ப், 9இல் ஜி, 10இல் எஃப் ஷார்ப், 11இல் எஃப், பாருக்கு ஒரே சுரம், முழு நீளத்துக்கு. அரை அரைச் சுரமாக ஒரு படிக்கட்டு இறங்குகிறது பாருங்கள். இவை வரிசையாக ஈ7-இன் 3வது சுரம், ஏ மைனர் 7-இன் 7வது, டி7-இன் 3வது, ஜி7-இன் 7வது. கார்டின் நிறத்தைச் சொல்லுகிற சுரங்கள் இவைதான். முதலில் வாயால் பாடுங்கள், அப்புறம் சாக்ஸில், மற்ற பார்களில் சும்மா இருங்கள். இந்த நாலு சுரமும் காதில் ஏறிவிட்டால் 8வது பார் வரும்போது உங்களுக்கே தெரியும், எண்ணவே வேண்டாம்.

மார்த்தாண்டம் ஆல்டோ:
இரண்டையும் செய்து பார்த்தேன். இயர்போனில் பாஸ் தனியாகக் கேட்டதும் வேறு ட்ராக் மாதிரி இருந்தது! படிக்கட்டு சுரங்கள் நன்றாகப் பிடிபட்டன, 8வது பார் இப்போது கண்ணில் படுகிறது. ஆனால் அந்த நாலு சுரத்தைச் சுற்றி வாசிக்க ஆரம்பித்தால் மறுபடி மூச்சு விடாமல் ஓட்டுகிறேன். இன்னொன்று, போன் ஆப்பில் ட்ராக்கின் மேலே என் வாசிப்பைப் பதிவு செய்து கேட்டால் நான் எப்போதும் பின்தங்குகிறேன். நிஜமாகவே லேட்டா?

பாறசாலை பாஸ்:
ப்ளூடூத்தில் கேட்டுக்கொண்டு ஆப்பில் பதிவு செய்தால் அப்படித்தான் வரும். ட்ராக் உங்கள் காதுக்குத் தாமதமாக வருகிறது, நீங்கள் அதற்குச் சரியாக வாசிக்கிறீர்கள், ஆப் மூல ட்ராக்கோடு ஒட்டும்போது நீங்கள் பிந்தியவர் ஆகிவிடுகிறீர்கள். ஒயர் போட்டு மறுபடி பதிவு செய்யுங்கள், அதிலும் பிந்தினால் அப்போது பேசலாம். மெட்ரோனோம் வைத்தால் 2, 4 தட்டில் மட்டும் விழுகிற மாதிரி வையுங்கள்.

ஓட்டுவதற்கு மருந்து: 2 பார் வாசித்தால் அடுத்த 2 பார் வாயை எடுத்துவிட வேண்டும், எவ்வளவு நல்ல யோசனை வந்தாலும். திருவிழாவில் செண்டைக்காரர்களோடு மாறி மாறி வாசித்திருப்பீர்களே, அப்படி. ட்ராக்குக்கு நம்மைக் கேட்கத் தெரியாது, நாம் நிறுத்தினால்தான் அதைக் கேட்கவாவது முடியும்.

பாலக்காடு பியானோ:
வேகத்தையும் குறையுங்கள், சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறைக்கிற ஆப்கள் இருக்கின்றன. ஒயர் இயர்போனில் பதிவு செய்ததை இங்கே போடுங்கள், 4 சுற்று போதும், 8 முதல் 11 வரை மட்டும் கேட்டுச் சொல்கிறேன்.